நீலத்திரை மின்னி மறைகிறதா? ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள்

கேள்வி: வீட்டில் எட்டு வருடப் பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப் இருக்கிறது. விண்டோஸ் 10. ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றுகின்றன, நீலத்திரை ஒரு நொடி மின்னுகிறது, உடனே ரீஸ்டார்ட் ஆகிறது. நாலைந்து முறை முயன்றால் ஒருமுறை வந்துவிடுகிறது. வந்துவிட்டால் மாலை வரை தொந்தரவே இல்லை. கடைக்காரர் ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். மகளின் கல்லூரி ப்ராஜெக்டும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஃபார்மேட் இப்போது வேண்டாம். படங்கள் போய்விடும் என்பது ஒரு காரணம். ஃபார்மேட் செய்தாலும் இந்தக் கோளாறு போகாமலிருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பது இன்னொன்று.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, நாலைந்து முறை முயன்றால் ஒருமுறை வந்துவிடுகிறது என்பதுதான். விண்டோஸ் தொடங்கத் தேவையான ஒரு கோப்பு கெட்டிருந்தால், பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழும். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ரீஸ்டார்ட் செய்தபோது சிலவற்றுக்குத் திருத்தப்பட்ட கோப்பு இறங்கித் தப்பின. மற்றவை திரும்பத் திரும்ப அதே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தன. மென்பொருள் கோளாறின் முகம் அது. அதற்குக்கூட ஃபார்மேட் தேவைப்படவில்லை. அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதுமாக இருந்தது.

உங்கள் கணினி காலையில் மட்டும் அடம்பிடித்து, சூடேறிய பிறகு ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு முதல் சந்தேகம் மின்சாரப் பகுதியின் மீது. அடுத்தது ரேம், ஹார்ட் டிஸ்க்.

ஆனால் சோதனைகளுக்கு முன்னால் படங்களைக் காப்பாற்றுங்கள். அடுத்த முறை கணினி வந்தவுடன் வேறெதையும் திறக்காமல் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கைச் சொருகி, படங்களையும் ப்ராஜெக்டையும் நகலெடுங்கள். வரவே மாட்டேன் என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற வேறொரு இயங்குதளத்தைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். விண்டோஸ் டிரைவ் அதில் படிக்க மட்டும் திறந்தாலும் நகலெடுக்க அது போதும். ஹார்ட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். அதன் பிறகு அது டேட்டா ரெகவரி செய்பவர் பார்க்க வேண்டிய வேலை. நகல் எடுக்கும் முன் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன் முழுச் சோதனை டிஸ்கின் ஒவ்வொரு பகுதியையும் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்தச் சுமையிலேயே போய்விடலாம்.

நகல் எடுத்தாயிற்றா? சரி, இப்போது அந்த நீலத்திரையை நிறுத்திப் படிப்போம். பழைய எஃப்8 பழக்கம் விண்டோஸ் 10இல் வேலை செய்யாது. தொடர்ந்து சில முறை தொடக்கம் தோற்றால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். கணினி நல்லபடியாக வந்திருக்கும் நேரத்தில், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தும் அங்கே போகலாம். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போனால் எண்ணிட்ட பட்டியல் வரும். அதில் 9 தானாக ரீஸ்டார்ட் ஆவதை அந்த ஒரு முறைக்குத் தடுக்கும். 4 சேஃப் மோட். நிரந்தரமாகத் தடுக்க, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியில் ஆட்டோமேட்டிக்லி ரீஸ்டார்ட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் நீலத்திரை வந்தால் நிற்கும். அதன் அடியில் இருக்கும், பிழையின் பெயரைச் சொல்லும் ஸ்டாப் கோடைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் வந்தால் ரேம் அல்லது மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தாலும் முதலில் ரேமைத்தான் பார்க்க வேண்டும். வீயா அன்கரெக்டபிள் எரர் என்றால், ஏதோ ஒரு வன்பொருள் தானே பிழையை அறிவித்திருக்கிறது. இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்றால் விண்டோஸ் தன் டிஸ்கையே எட்ட முடியவில்லை. இங்கே மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியையும் கவனிக்க வேண்டும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி அது. அது தீர்ந்து, இரவில் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம். அப்போது டிஸ்கோடு மதர்போர்டு பேசும் முறையான சாட்டா மோட் மாறிப்போனால் விண்டோஸ் இதே நீலத்திரையைக் காட்டும். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு சாட்டா மோடை முன்பிருந்தபடி வையுங்கள்.

செலவே இல்லாத ஒரு சோதனையை இன்றிரவே செய்யலாம். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, விண்டோஸின் மையப்பகுதியையும், வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் சேமித்துவைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு டிரைவர் அந்த நிலையிலிருந்து மீள முடியாமல் போனால் காலையின் முதல் தொடக்கம் விழும். ரீஸ்டார்டில் இந்தக் குறுக்குவழி கிடையாது, அதனால் அப்போது சரியாக வந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அது முழு ஷட்டவுன். மறுநாள் ஒழுங்காக வந்தால், பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடலாம். உங்களுக்கு நாலைந்து முறை விழுவதால் இதை மட்டும் நான் நம்பமாட்டேன், ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

இனி மின்சாரம். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் இருக்கும் உருளை வடிவ கெப்பாசிட்டர்கள் வயதானால் உள்ளே காய்ந்துபோகும். குளிர்ந்திருக்கும்போது அவற்றின் உள்தடை கூடுதலாக இருக்கும், மின்சாரத்தைச் சீராக வைத்திருக்க முடியாது. சில முறை ஆன் ஆகி லேசாகச் சூடேறினால் சமாளித்துக்கொள்ளும். எட்டு வருடக் கணினி காலையில் விழுந்து பிறகு நாள் முழுக்க ஓடுவதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மதர்போர்டில் எந்த உருளையாவது தலை உப்பியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பயாஸில் வோல்டேஜ் காட்டும் பக்கம் இருந்தால் 12 வோல்ட் வரியைப் பாருங்கள்: 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். அந்த எண் சரியாக இருப்பதால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் பயாஸ் திரையில் கணினிக்குச் சுமை குறைவு. நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஒன்றிரண்டு காலைகள் பார்ப்பது. அதற்கு முன் யூபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் சொருகிப் பாருங்கள். பேட்டரி செத்த யூபிஎஸ்ஸும் இதே வேலையைச் செய்யும்.

ரேமுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி, தங்க நிற முனைகளை மென்மையான அழிரப்பரால் தேய்த்து, தூசியைத் துடைத்து, கிளிக் என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் வைத்து ஓட்டுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம். டிஸ்கின் சாட்டா கேபிளையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள், மிகவும் மலிவான பொருள் அது.

இத்தனைக்கும் பிறகு ஒரே கோட், ஒரே இடம் என்று விழுந்தால் மென்பொருளுக்கு வரலாம். அப்போதும் சேஃப் மோடில் நுழைந்து, கோளாறு தொடங்கியபோது புதிதாக வந்த டிரைவரையோ அப்டேட்டையோ நீக்குவதுதான் முதல் வேலை. லேப்டாப்பிலும் புதிய விண்டோஸ் 11 கணினிகளிலும் இதைச் செய்பவர்களிடம் சேஃப் மோடுக்கு முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்காரரிடம் போவதானால், ஃபார்மேட் செய்யுங்கள் என்று கொடுக்காமல், ஸ்டாப் கோட் படங்களைக் காட்டி, எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியை அவரிடமே ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஆன் செய்யச் சொல்லுங்கள். மாலையில் ஆன் செய்து காட்டினால் அது எப்போதும் போல ஓடத்தான் செய்யும்.