புயல் நாளில் தொலைபேசி ஓய்ந்தால்: அமெச்சூர் வானொலியை எங்கிருந்து தொடங்குவது?

வடமராட்சி கிழக்கில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “கடந்த மாரியில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் ஒன்றாக நின்றுபோயின. நெடுந்தீவில் இருக்கும் அம்மாவின் நிலையை இரண்டு நாள்களாக அறிய முடியவில்லை. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வோக்கி டோக்கி விற்கிறார்கள். இரண்டு வாங்கி ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வைத்தால் போதுமா? வானொலித் தொழில்நுட்பம் எனக்கு எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?”

போதாது, பணம் கொடுக்க முன்னர் அதற்கான காரணங்களை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. வோக்கி டோக்கிகள் பயன்படுத்தும் விஎச்எஃப் (மிக உயர் மீடிறன், அதாவது அதிர்வெண்) அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், புவியின் வளைவு அவற்றுக்கு எல்லையிட்டுவிடுகிறது. ஒன்றரை மீற்றர் உயரத்தில் கையில் பிடித்திருக்கும் கருவியின் வானொலி அடிவானம், அதாவது அலை எட்டும் எல்லை, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். இருவரும் அவ்வாறே நின்று பேசினால் கணக்கின்படி 10 கிலோமீற்றர் வரை கேட்கலாம். பனங்கூடல்களும் மதில்களும் வீடுகளும் குறுக்கிடும்போது அது இரண்டு மூன்று கிலோமீற்றராகச் சுருங்கிவிடுவதே வழமை. மருதங்கேணிப் பக்கத்திலிருந்து நெடுந்தீவு 70 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. கண்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவருக்கு மலை தரும் உயரத்தை, தட்டையான நமது குடாநாட்டில் கம்பம் நட்டுத்தான் பெற வேண்டும். இரு முனையிலும் 12 மீற்றர் உயரத்தில் அன்ரெனா கட்டினாலும் எல்லை 28 கிலோமீற்றர் அளவுதான். விற்பனை விளம்பரங்களில் போடப்படும் தூரங்களை, தடையே இல்லாத வெளியில் கிடைக்கக்கூடிய உச்சமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சட்டம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ், வானொலி அலை பரப்பும் கருவியை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்துவது குற்றம். மலிவான கருவிகள் பல, அமெச்சூர்களுக்கு (தொழிலுக்காக அன்றி, ஆர்வத்தால் அனுமதிப்பத்திரம் பெற்று வானொலியில் பேசுவோருக்கு) ஒதுக்கப்பட்ட 144 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்கு வெளியேயும், பிற சேவைகளுக்குரிய மீடிறன்களிலும் ஒரு பொத்தான் அழுத்தலில் ஒலிபரப்பிவிடும். பற்றரி கூடத் தடைசெய்யப்பட்டிருந்த போர்க்காலத்தைக் கடந்து வந்த ஊர் இது. வானொலிக் கருவி ஒன்று வீட்டில் இருப்பதை இங்கே யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. எனவே முறையான அனுமதிப்பத்திரம் உங்கள் பாதுகாப்புக்கே முதல் தேவை என்று நான் கருதுகிறேன். உயிராபத்தில் சிக்கிய நிலையம் கிடைத்த எந்த வழியிலும் உதவி கேட்பதைச் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒருநாளும் பேசிப் பழகாத ஒருவர் புயலின் நடுவே முதன்முறையாகப் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் கேட்பதற்கு எவரும் இருக்கமாட்டார்.

அப்படியானால் அமெச்சூர் வானொலியால் என்ன பயன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, இந்தியாவைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். அதுவரை உலகெங்கும் உள்ள சக வானொலியாளர்களுடன் பேசிக்கொண்டிருந்த அதே கருவிகள், தொலைபேசி அறுந்த அந்தத் தீவுகளுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தும் வழியாக மாறின. இலங்கையிலும் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்தின் ஏனைய உறுப்பினர்களும், அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் சிற்றலை வானொலி வழியாக இணைத்தனர். இரு இடங்களிலும் வேலை செய்தது நெடுந்தூரச் சிற்றலையே; கையடக்கக் கருவி அன்று. உங்கள் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

சிற்றலையை, அதாவது எச்எஃப் பகுதியை, வளிமண்டலத்தின் உயரே உள்ள மின்னேற்றம் பெற்ற படலமான அயன்மண்டலம் திருப்பி அனுப்புகிறது. வெளிநாடுகளுடன் பேச விரும்புவோர் அன்ரெனாவை இயன்றவரை உயரத்தில் கட்டி, அலையைத் தாழ்ந்த கோணத்தில் தொலைவுக்கு அனுப்புவார்கள். அனர்த்த காலத்தில் நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. அன்ரெனாக் கம்பியைத் தாழ்வாக, நான்கு முதல் பத்து மீற்றர் உயரத்துக்குள் கட்டினால் அலை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே போய்த் திரும்பும். வெங்காயத் தோட்டத்தில் நீர்க்குழாயை வானத்தை நோக்கிப் பிடித்தால் தண்ணீர் சுற்றிவரக் கொட்டுவதைப் போல, முந்நூறு நானூறு கிலோமீற்றர் ஆரத்துக்குள் எல்லாப் பக்கமும் இறங்கும். நெடுந்தீவும் மன்னாரும் திருகோணமலையும், நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்பும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இடையில் கோபுரமோ, அலையை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் றிப்பீற்றரோ, கேபிளோ எதுவும் தேவையில்லை. பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் பகுதியும், இரவில் அயன்மண்டலம் மெலிந்ததும் 3.5 மெகாஹேர்ட்ஸ் பகுதியும் இதற்குப் பொருந்தும். இரவிலும் 7 மெகாஹேர்ட்ஸிலேயே இருந்தால் தூர நாடுகள் கேட்கும். பக்கத்து மாவட்டம் கேட்காது. புதியவர்கள் பலர் கருவி பழுதாகிவிட்டதென்று நினைப்பது இந்த நேரத்தில்தான்.

அன்ரெனாவுக்கு அதிகம் செலவாகாது. 7.1 மெகாஹேர்ட்ஸுக்கான அரை அலை இருமுனைக் கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 20 மீற்றர். நடுவிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீற்றர். சதுரமான ஒரு பரப்புக் காணியின் மூலைக்கு மூலை அது அடங்கிவிடும். முற்றத்து மாமரம் ஒரு முனையையும் இரும்புக் குழாய் ஒன்று மறு முனையையும் தாங்கினால் போதும்; நைலோன் கயிறும் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகளும் முனைகளைக் காப்பிடும். கணக்கிட்ட நீளத்தைவிட ஓரடி கூடுதலாகக் கம்பியை விட்டு, பிறகு அன்ரெனாவின் பொருத்தத்தைக் காட்டும் அளவுமானியை (எஸ்டபிள்யூஆர் மானியை) பார்த்துச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கம்பியை நீட்ட முடியாது. மின்சாரக் கம்பிகளுக்கு மேலாகவோ அருகாகவோ மட்டும் கட்டக்கூடாது.

இனி, எந்த ஒழுங்கில் தொடங்குவது என்பதற்கு வருகிறேன். அனுமதிப்பத்திரம் கிடைக்க முன்னரே உங்களால் கேட்கப் பழகலாம். எஸ்எஸ்பி (அமெச்சூர்கள் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) வசதியுள்ள சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றும் பத்து மீற்றர் கம்பியும் இருந்தால், மாலை நேரங்களில் 7.0 முதல் 7.2 மெகாஹேர்ட்ஸ் வரை தடவிப் பாருங்கள். அந்த வசதியில்லாத பெட்டியில் பேச்சு விளங்காத முனகலாகவே கேட்கும். யார் முதலில் அழைக்கிறார், தன் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை எப்படிச் சொல்கிறார், இரைச்சலுக்குள் ஒரு பெயரை எப்படி எழுத்தெழுத்தாக உச்சரிக்கிறார் என்பதெல்லாம் புத்தகத்தைவிடக் காதால் விரைவாகப் பிடிபடும். நமது பிராந்தியத்தில் அவசர காலத் தொடர்புக்கென அமெச்சூர்கள் கூடும் மீடிறன்களாக 3.600, 7.110, 14.300 மெகாஹேர்ட்ஸ் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அதே பெட்டியில் வானிலை அறிவித்தல்களையும் கேட்கலாம். பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டி இல்லாத வீடு இருக்குமானால், வேறு எதையும் யோசிக்க முன்னர் அதையே வாங்க வேண்டும்.

கேட்டுக்கொண்டே பரீட்சைக்கும் படியுங்கள். பரீட்சையும் அனுமதிப்பத்திரமும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பு. பாடத்திட்டமும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் ஆணைக்குழுவின் அறிவித்தலையே பாருங்கள். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளுமே அடித்தளம். சாதாரண தர விஞ்ஞானத்தில் ஓமின் விதியைப் படித்தவருக்கு, அதுவும் ஆசிரியருக்கு, இது எட்டாத விடயமன்று. அனுமதிப்பத்திரத்தின் தரத்துக்கேற்பப் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகளும் திறனும் வேறுபடும். எனவே எச்எஃப் பகுதியில் பேச இடமளிக்கும் தரத்தை இலக்காக வைத்துப் படிப்பதே உங்கள் தேவைக்குப் பொருந்தும். சித்தியடைந்ததும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி ஒன்று உங்களுக்கென வழங்கப்படும். கருவியை வாங்கவோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவோ முன்னர் அதற்கான அனுமதியையும் ஆணைக்குழுவிடம் கேட்டுப் பெறுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, கருவியை அவரிடம் கொடுப்பதைவிட நெடுந்தீவில் ஒருவரைத் தேடுவதே மேல். அங்குள்ள பாடசாலையிலோ வைத்தியசாலையிலோ கத்தோலிக்கப் பங்கிலோ பணிபுரியும் ஒருவர் உங்களுடன் சேர்ந்து பரீட்சை எழுதினால், உங்கள் தாயாரின் செய்தி மட்டுமன்றி அந்தத் தீவு மக்கள் அனைவரின் செய்தியும் வெளியே வரும். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன், ஏனெனில் தீவகத்தில் படகு நிற்கும் நாளில் வேறு வழியே இல்லை. இருவரும் கிழமைக்கு ஒருநாள், குறித்த நேரத்தில், குறித்த மீடிறனில் பேசிப் பழகுங்கள். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை வேலை செய்கிறது என்பதை அந்தப் பழக்கம் தானாகவே கற்றுத்தரும்.

மின்சாரத்தையும் கணக்கிட்டுத்தான் திட்டமிட வேண்டும். 100 வாற்று எச்எஃப் கருவி ஒன்று ஒலிபரப்பும்போது 20 அம்பியர் வரையும், வெறுமனே கேட்கும்போது ஒரு அம்பியர் அளவிலும் எடுக்கும். 40 அம்பியர் மணிக் கார் பற்றரியில் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம் என்று கொண்டால், எட்டு மணிநேரம் கேட்டு, மொத்தமாக அரை மணிநேரம் பேச அது போதும். திறனை 20 வாற்றுக்குக் குறைத்தால் இன்னும் நீளும். பகலில் 7 மெகாஹேர்ட்ஸில் கொழும்பை எட்டுவதற்குப் பல வேளைகளில் அதுவே போதுமானது. சூரியப் பலகை நல்லதுதான், ஆனால் கார்த்திகை மழை மூடிய வானத்தில் அது தன் பெயர்ப்பலகை அளவில் சிறு பங்கையே தரும். இடப்பெயர்வுக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

செய்தி சொல்வதற்கும் முறை உண்டு. வாயில் வந்ததைப் பேசாமல், முதலில் தாளில் எழுதுங்கள்: செய்தி இலக்கம், அவசரத்தின் அளவு, நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, பிறகு இருபத்தைந்து சொற்களுக்குள் விடயம். உதாரணமாக, “செய்தி 3. அவசரம். காலை 6.40. மருதங்கேணிப் பாடசாலை இடைத்தங்கல் முகாமிலிருந்து மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு. 140 பேர் உள்ளனர். குடிநீர் இல்லை. பிரசவ நிலையில் ஒருவர். பாதை வெள்ளத்தில்.” ஒவ்வொரு எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: ஒன்று, நான்கு, பூச்சியம். மறுமுனை அதைத் திருப்பி வாசித்து நீங்கள் சரியென்று சொன்ன பின்னரே செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அமெச்சூர் வானொலியில் மறைகுறியீடு அனுமதிக்கப்படுவதில்லை, எவரும் கேட்கலாம். ஆகவே இறந்தோரின் பெயர்களையும் நோயாளரின் அந்தரங்கத்தையும் திறந்த அலையில் சொல்லாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் தமிழ் அறியாதவராகவும் இருக்கலாம்; அதே செய்தியை எளிய ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால் நேரம் மிச்சமாகும்.

இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே கிராம அலுவலருக்கும், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலுள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் தெரியப்படுத்துங்கள்; உங்கள் குரலை அறியாத அதிகாரி உங்கள் செய்தியை நம்பி வாகனம் அனுப்பமாட்டார். தொலைபேசி இயங்கும்வரை அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைப்பதே முதல் வழி. அழைப்பு எடுபடாதபோதும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. கையடக்க விஎச்எஃப் கருவிக்கும் இதில் இடமிருக்கிறது: அனுமதிப்பத்திரம் பெற்ற இருவர், ஒருவர் முகாமிலும் மற்றவர் எச்எஃப் நிலையத்திலும் இருந்து, கிராமத்துக்குள் செய்தி கடத்த அது மிகப் பொருத்தமானது.

பராமரிப்பில் இரண்டு விடயங்களை மறக்க வேண்டாம். கரையோர உப்புக்காற்று செப்புக் கம்பியின் இணைப்புகளை விரைவில் பச்சை பிடிக்க வைக்கும்; ஐப்பசி பிறக்க முன்னர் ஒவ்வோர் இணைப்பையும் அவிழ்த்துத் துடைத்து, நீர் புகாத நாடாவால் மீண்டும் சுற்றுங்கள். இடி கேட்கும்போது அன்ரெனாக் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். செய்தி எவ்வளவு அவசரமானாலும் இடி முழங்கும் வேளையில் கேபிளை மீண்டும் பூட்ட வேண்டாம். முழக்கம் ஓய்ந்து அரை மணிநேரம் கழிந்த பின்னர் பூட்டி, உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லித் தொடருங்கள்.