மிஷ்கினும் அப்பாவின் கைகளும்

கேள்வி: கடவுள் நம்பிக்கை ஆட்டம் கண்ட நேரத்தில் உங்களோடு நின்ற கதைமாந்தர் யார்?

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில் வரும் இளவரசன் மிஷ்கின். எம்.ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன். பாதிக்கு மேல் படித்தது களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில்தான்.

அப்போது அப்பா இறந்து நான்கு மாதம். முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். உடம்பைக் குளிப்பாட்டும்போது நானும் கூட நின்றேன். எவ்வளவு தேய்த்தும் விரல் இடுக்கில் இருந்த கறை போகவில்லை. சோப்பு மணத்தையும் மீறி லேசாக ஒட்டுப்பால் வாடை. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கல்லறையில் பங்குச் சாமியார் உயிர்ப்பைப் பற்றி ஜெபித்தபோது எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது. ஆமென் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஞாயிறு பூசைக்கும் போகவில்லை.

அந்த மனநிலையில்தான் நாவலில் அந்த ஓவியம் வந்தது. மிஷ்கினின் நண்பனும் காதலில் போட்டியாளனுமான ரோகோஜின் வீட்டில் ஒரு கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் கிறிஸ்துவின் சடலம். ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1521-22இல் வரைந்த ஓவியத்தின் நகல் அது. மூலப்படம் சுவிட்சர்லாந்தில் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் இரண்டு மீட்டர், உயரம் ஓர் அடிதான். சவப்பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது போல இருக்கும். வாய் திறந்தபடி, கண் சொருகி, கையும் காலும் நிறம் மாறி. எங்கள் கோயிலில் பெரிய வெள்ளியன்று கிடத்தி வைக்கும் சுரூபம் தூங்குவது போல இருக்கும். இது அப்படி இல்லை. இணையத்தில் தேடி எடுத்து அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவின் கை.

1867இல் தஸ்தயேவ்ஸ்கி அதை நேரில் பார்த்து அசையாமல் நின்றுவிட்டதாக அவர் மனைவி அன்னா எழுதியிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தால் ஒருவனுக்கு இருக்கிற விசுவாசமும் போய்விடலாம் என்று நாவலில் சொல்வது யார் தெரியுமா? மிஷ்கின்தான். ஆசிரியர் தன் குறிப்பேட்டில் 'இளவரசன் கிறிஸ்து' என்று எழுதி வைத்த அதே மிஷ்கின். இப்படி ஒரு உடலைக் கண்ட சீடர்கள் அது உயிர்த்தெழும் என்று எப்படி நம்பியிருப்பார்கள் என்று, காசநோயில் சாகக் கிடக்கும் இளைஞன் இப்போலித் கேட்கிறான். மிஷ்கினிடம் அதற்குப் பதில் இல்லை. என் கேள்வியை எனக்கு முன்பே ஒருவன், அதுவும் ஒரு விசுவாசி எழுதிய புத்தகத்துக்குள் நின்று, கேட்டுவிட்டான். பஸ் பாறசாலை தாண்டியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மிஷ்கின் யாரையும் காப்பாற்றுவதில்லை. அவனும் ரோகோஜினும் கழுத்துச் சிலுவையை மாற்றிக்கொண்டு சகோதரர்கள் ஆகிறார்கள். அன்றைக்கே ரோகோஜின் அவனைக் குத்தக் கத்தியை ஓங்குகிறான். கடைசியில் இருவரும் நேசித்த நஸ்தாஸ்யாவையும் கொன்றுவிடுகிறான். அவள் உடல் கிடக்கும் அறையில் ஒரு ஈ ரீங்காரமிடுகிறது. ஜுரத்தில் பிதற்றும் கொலைகாரனின் தலைமுடியையும் கன்னத்தையும் மிஷ்கின் இரவெல்லாம் தடவிக்கொடுத்தபடி இருக்கிறான். விடியும்போது அவனுக்கே புத்தி கலங்கிவிட்டது. இது தோல்விதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என்னால் நம்ப முடிந்த கிறிஸ்து அந்த அறையில் இருந்தார். அற்புதம் செய்யக் கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் எழுந்து போகவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி அம்மை அப்பாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

உயிர்ப்பை இன்று நம்புகிறேனா என்று கேட்டால், சில நாள் ஆம், பல நாள் தெரியாது.

அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று அம்மை கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். விசுவாசம் இல்லாமல் வந்து என்ன செய்ய என்று கேட்டேன்.

"அது வரும்போ வரட்டு மக்களே. சுரூபத்தோட பாதத்தை முத்தம் செய்யக் குனிஞ்சா எனக்கு முட்டு மடங்க மாட்டேங்குது. ஒரு கை பிடிக்க ஆள் வேணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கூடப் போனேன்.