செனட் ஒப்புதல் மாதிரி இங்கே உண்டா? பட்டிமன்றத் தலைப்புக்குப் பதில்

தம்பி, மதுரையில் உங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் "உயர்பதவி நியமனங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும்" என்று பேசப் போகிறீர்கள், இந்திய உதாரணம் கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல தலைப்பு, விடாதீர்கள்.

அமெரிக்காவில் அதிபர் பெயரை முன்மொழிவார், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் விசாரித்து வாக்களிக்கும். 1987இல் உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க் 42க்கு 58 என்று தோற்றார். அந்த ஒன்று போதும்.

நம்மிடம் அப்படி வாக்கெடுப்பு இல்லை, தேர்வுக்குழுதான். உங்கள் பேச்சின் உயிர் பி.ஜே. தாமஸ் விவகாரத்தில் இருக்கிறது. 2010இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது மூவர் குழு: பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ். பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் மீது குற்றப்பத்திரிகை நிலுவையில் இருந்தது. சுஷ்மா எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தும் இரண்டுக்கு ஒன்று என்று நியமனம் நடந்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் ரத்து செய்தது. மூடிய அறையில் நடந்ததை அவையில் எல்லோர் முன்னும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேளுங்கள். தேர்தல் ஆணையர் தேர்வுக்கான 2023 சட்டத்திலும் அதே கணக்குதான்: பிரதமர், ஓர் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர்.

எதிரணி நிச்சயம் அம்பேத்கரை எடுக்கும். நீதிபதிகள் நியமனத்துக்கு அவை ஒப்புதல் வைத்தால் வேலை சிக்கலாகும், அரசியல் அழுத்தம் நுழையும் என்று 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்னார். வலுவான வாதம் அது, மழுப்ப வேண்டாம். குழுவிலும் அதே அழுத்தம் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான் என்று திருப்புங்கள். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அந்த விவாதத் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள், அவர் பேச்சை முழுசாகப் படித்துவிட்டே மேடை ஏறுங்கள்.