சாமி வந்தால் யார் கேள்வி கேட்பது?

அன்புள்ள சார்,

நானும் நண்பர்கள் நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேளச்சேரியில் ஒருவன் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். அடுத்த மாதம் புதுக் கதை தொடங்குகிறது. அதில் ஆவி பிடித்த ஒரு பாத்திரத்தை ஆட எனக்கு ஆசை. எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது ஒரு அக்காவுக்கு அருள் வரும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் டிஎம், "வார்லாக் எடுத்துக்கோ, முடிஞ்சுது" என்கிறான். இன்னொரு நண்பன், "நீ பாட்டுக்கு ரெண்டு பேரா பேசிட்டிருப்ப, நாங்க என்ன பண்றது?" என்கிறான். அம்மாவிடம் சொன்னேன். "சாமி விஷயத்துல விளையாடாதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த கிளாஸ் எடுப்பது? ஆவி வரும்போது அதை யார் ஆடுவது? அம்மா சொல்வது சரியா?

கா., சென்னை

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர் கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. டிஎம் சொன்னதை முதலில் சீக்கிரமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். பாத்திரத்தின் தொழிலும் திறமையும் அது எந்த கிளாஸ் என்பதைப் பொறுத்தது.

வார்லாக் ஒரு ஒப்பந்தக்காரர். எங்கோ இருக்கிற ஒரு சக்தியிடம் பேரம் பேசி மந்திரம் வாங்கி வருகிறார். பேசுவதும் நடப்பதும் கடைசிவரை அவரேதான். மை போட்டுப் பார்க்கிற மாந்திரீகரை ஆட வேண்டுமென்றால் வார்லாக் சரி. சாமியாடிக்குப் பக்கத்தில் வருவது பார்பேரியன், வெறி ஏறிச் சண்டை போடுகிற கிளாஸ். முதல் லெவலில் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டே முறைதான் வெறி வரும். வந்தால் ஒரு நிமிடம், அதாவது சண்டையில் பத்துச் சுற்று. அந்த நேரத்தில் வெட்டும் குத்தும் பாதிதான் உறைக்கும், மந்திரம் எதுவும் சொல்ல முடியாது. யாரையும் தாக்காமல், அடியும் படாமல் ஒரு சுற்று கழிந்தால் வெறி இறங்கிவிடும். பம்பைச் சத்தம் நின்றதும் கால் தளர்வதைப் பார்த்தவருக்கு இந்த விதி புதிதாகத் தெரியாது. இதில் மூதாதையர் ஆவிகள் துணைக்கு வருகிற கிளை ஒன்று 2017-ல் வந்தது. மூன்றாம் லெவலில் அதை எடுக்கலாம். வெறியில் இருக்கும்போது உங்கள் முறையில் முதலில் அடிபடும் எதிரியை அந்த ஆவிகள் சூழ்ந்துகொள்ளும். அவன் உங்களை விட்டுவிட்டு உங்கள் கூட்டாளியைத் தாக்கினால் குறி தப்பவே வாய்ப்பு அதிகம், பட்டாலும் பாதிதான். ஊரைக் காக்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுகிற நமக்கு இது நன்றாகவே பொருந்தும்.

கிளாஸ் கதை இவ்வளவுதான். இப்போது நண்பர்.

உங்கள் தெரு அக்காவுக்கு அருள் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அவர் தனியாக எதுவும் செய்வதில்லை. பம்பைக்காரர் ஆளைப் பார்த்து வேகத்தைக் கூட்டுகிறார். ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் வேப்பிலையை நீட்டுகிறார், விழாமல் தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் பின்னாலேயே நிற்கிறார்கள். அப்புறம் இருக்கிறார் முக்கியமான ஆள். "யாரும்மா வந்திருக்கிறது? என்ன குறை வெச்சோம்?" என்று கேட்பவர். அவர் கேட்கிறார், சாமி சொல்கிறது, பாதி புரியாத அந்தப் பேச்சை அவரே கூட்டத்துக்கு எடுத்துச் சொல்கிறார். கற்பூரம் காட்டி, திருநீறு பூசி மலையேற்றி அனுப்புவது வரைக்கும் எல்லாமே சுற்றி நிற்பவர்களின் வேலை. ஆவி பிடித்த பாத்திரத்தை எழுதுகிறவர்கள் அனேகமாக ஆவியை மட்டும் எழுதுகிறார்கள், கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் மற்ற நான்கு பேருக்கும் வேலை இல்லாமல் போகிறது.

எனவே கேள்வி கேட்கும் வேலையை உங்கள் நண்பருக்கே கொடுங்கள். என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டியதில்லை, கோடாங்கிகள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். நீ யார், எந்த ஊர்? எப்படிச் செத்தாய்? இவளை எங்கே பிடித்தாய்? என்ன கொடுத்தால் போவாய்? போனதற்கு என்ன அடையாளம்? எந்த கேரக்டர் ஷீட்டிலும் இல்லாத கட்டங்கள் இவை. எல்லோரும் முதல் இரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள், கேட்டால் பின்கதை என்பார்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். உச்சிவேளையில் புளியமரத்தடியில் பிடித்தேன் என்று பேய் சொன்னால், அந்த நேரத்தில் அவள் அங்கே எதற்குத் தனியாகப் போனாள், யாரோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள் என்பதெல்லாம் தானாக வெளியே வரும். ஆவியின் கதையில் கேட்ட கேள்விக்கு உயிரோடு இருப்பவளின் கதை பதிலாக வந்துவிடும். கடைசிக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். உச்சிமுடியைக் கொத்தாக அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள், பேய் போனதற்கு அத்தாட்சி அது. உங்கள் ஆவிக்கும் அப்படி ஒரு முடிவு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வந்த சாமி எப்படிப் பேசும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியைப் பாருங்கள். மதுரைக்குப் போகும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் கொற்றவை கோயிலில் இளைப்பாறுகிறார்கள். அங்கே எயினர் குலத்துச் சாலினிக்குத் தெய்வம் ஏறுகிறது. எடுத்த எடுப்பில் திட்டுதான். அடுத்த ஊர்களில் மாடு பெருகிக் கிடக்கிறது, உங்கள் மன்றம் பாழாகிவிட்டது, வேட்டுவர்கள் சாதுவாகிப் போனீர்கள் என்கிறாள். அடுத்து, செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தினால்தான் வெற்றி என்று மிரட்டல். அப்புறம் சம்பந்தமே இல்லாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் வழிப்போக்குப் பெண் ஒருத்தியைப் பார்த்து உச்சத்துக்குப் புகழ ஆரம்பிக்கிறாள். கண்ணகிக்குக் கூச்சமாகப் போய், இந்த அம்மா ஏதோ உளறுகிறாள் என்று கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி லேசாகச் சிரிக்கிறாள். அந்தக் கடைசித் திருப்பத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஆவி வரும்போதும் கூட்டாளிகளில் ஒருவரைப் பார்த்து, அவர் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லட்டும். கதையை நடத்துகிற டிஎம்முக்கும் அது கைகொடுக்கும்.

நினைவு விஷயத்தையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஐந்தாம் பதிப்பில் பேய் ஒருவர் உடம்பில் புகுந்தால் உடம்புதான் அதன் கைக்குப் போகும், உள்ளே இருப்பவருக்கு நடப்பது எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் சாமியாடிகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்பார்கள். ஆட்டத்துக்கு நம் ஊர் வழக்கம்தான் மேல். என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் உங்கள் பாத்திரத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதில் ஒருவர் கூட்டிச் சொல்வார், ஒருவர் மறைப்பார்.

ஆவியை யார் ஆடுவது? 1994-ல் வந்த ரெய்த் என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் இருண்ட பாதியையும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் ஆடுவார். துணிச்சலான ஏற்பாடு. ஆனால் நீண்ட கதையில் அது நட்பையே சோதித்துவிடும் என்பது என் அபிப்பிராயம். பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் மீடியம் கிளாஸில் இருப்பது இன்னும் நயமானது. தினமும் ஒரு மணி நேரச் சடங்கில் ஆவியை வரவழைக்க வேண்டும், கூட்டாளிகளும் அதில் சேர்ந்து உட்காரலாம். பகடை கைவிட்டால் ஆவியிடம் உதவி கேட்டு ஆறு பக்கப் பகடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஆவியின் பிடி ஒரு புள்ளி ஏறும். மூன்றில் சில வேலைகளில் தடுமாற்றம் வரும். ஐந்தைத் தொட்டால் மறுநாள்வரை பாத்திரம் உங்கள் கையை விட்டு, கதையை நடத்துபவர் கைக்குப் போய்விடும். இந்த ஐந்து புள்ளிக் கணக்கை டிஎம் சம்மதத்தோடு உங்கள் பார்பேரியனுக்குக் கொண்டுவாருங்கள். நாலு வரைக்கும் ஆவியை நீங்களே ஆடலாம். ஐந்தில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், நாலாவது புள்ளியில் மாடி அமைதியாகிவிடும்.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். புது வண்டி வாங்கினால் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் கொண்டுபோய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஓட்டுகிற ஊர் இது. நம் சாமிகள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சங்கடம் அந்த அக்காவை நினைத்துத்தான். அவர் குரலையும் ஆட்டத்தையும் மாடியில் நான்கு பேர் சிரிக்கும்படி எடுத்துக் காட்டினால் அது விளையாட்டில் சேராது. வீட்டில் யாரும் காது கொடுக்காத ஒரு பெண்ணின் பேச்சைத் தெருவே கைகட்டிக் கேட்கிற நேரம் அது. அம்மா அதைத்தான் சொல்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள். மாரியம்மன், அங்காளம்மன் என்று கும்பிடப்படும் பெயர்களை விட்டுவிட்டு உங்கள் கதை உலகத்துக்கு என்று ஓர் ஆவியை உண்டாக்குங்கள்.

இன்னொன்று. பேய் ஓட்டுகிற காட்சியைச் சாட்டையும் சங்கிலியுமாக, வேடிக்கையாக நடத்த வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். உங்கள் மேசையில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் கொண்டுவந்த எக்ஸ் கார்டு முறை இதற்கு உதவும். எக்ஸ் போட்ட ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும்.

சரி, சொல்லிக்கொண்டே போகாமல் ஒரு பாத்திரத்தைச் செய்து பார்ப்போம். கால்வாய்கள் ஓடும் ஒரு துறைமுக நகரம். மரகதம் அங்கே மதகு திறந்து மூடுகிறவள். அவளைப் பிடித்திருப்பவன் பழைய சுங்கச்சாவடிக் காவலாள். வசூல் பணத்தைத் திருட வந்தவர்களுக்கு வழிவிட மறுத்ததால் அவனைக் கொன்று மதகடியில் அமுக்கிவிட்டார்கள். திருடியவன் அவன்தான் என்று ஊருக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது. எங்கே பிடித்தான்? சம்பளத்தில் பிடித்தம் செய்த மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு மரகதம் நடுராத்திரி மதகின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள், அங்கே. எப்போது வருவான்? பக்கத்தில் யாராவது பணக்கணக்கில் பொய் சொன்னால். கொள்ளைப் பொருளைப் பங்கு பிரிக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் நண்பர்கள் வயிற்றில் புளி கரைத்தது போல உட்கார்ந்திருப்பார்கள். அவன் விதித்த கட்டுப்பாடு, மரகதம் யாரிடமும் கடன் சொல்லக்கூடாது. மீறினால் ஒரு புள்ளி. சின்னக் குறைக்கு வெற்றிலை பாக்கு போதும். பெரிய குறை, அந்தப் பொய்க் கணக்கைச் சந்தையில் நாலு பேர் முன்னால் வாசித்துத் திருத்த வேண்டும். அதை எழுதியவர் இன்று அந்த நகரத்தில் பெரிய மனிதர், உங்கள் குழுவுக்கு வேலை கொடுப்பவரே அவர்தான் என்று டிஎம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

உங்கள் குழுவில் கிளெரிக், அதாவது பூசாரி கிளாஸ், ஆடும் நண்பர் இருந்தால் அவரிடம் மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். தீயதும் நல்லதும் அண்டாமல் காக்கும் முதல் லெவல் மந்திரம் ஒன்று அவர் கையில் உண்டு. அதைப் போட்டால் பத்து நிமிடத்துக்குச் செத்த ஆவி எதுவும் உடம்பில் ஏற முடியாது, ஏற்கெனவே ஏறியிருந்தாலும் உதறிவிட வாய்ப்பு கூடும். உங்கள் காவலாளுக்கு இது எவ்வளவு செல்லும், எவ்வளவு செல்லாது என்று டிஎம்மையும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அவர் ஓட்டிவிடுவார், மரகதம் திரும்ப மதகு திறக்கப் போய்விடுவாள்.