விளக்கு எரியும் இடம் மட்டுமா ஊர்?

கேள்வி: மாசி மாத விடியற்காலையில் மணிமுத்தாறு அணைப் பக்கம் நின்று தென்கிழக்கு வானில் பால்வீதியைக் கண்டேன். அதில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளே மிகுதி என்கிறார்கள். விண்மீன்கள் இருக்கும் இடத்தில்தான் அதுவும் இருக்கிறதா?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அங்கும் இருக்கிறது, ஆனால் அதன் பெரும்பங்கு விண்மீன்கள் அருகிப்போன வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. மாஞ்சோலைச் சாலையின் வளைவொன்றில் இரவு நின்று பார்த்தால் அம்பாசமுத்திரமும் உங்கள் ஊரும் ஒளித்திட்டுகளாகத் தெரியும். சுற்றியுள்ள வயல்கள் தெரியமாட்டா. விளக்குகளை எண்ணி நிலத்தை அளப்பதுபோலத்தான் வானியலும் நெடுநாள் கணக்குப் போட்டது.

அந்தத் தவற்றைக் காட்டிக்கொடுத்தது வேகம். சூரியக் குடும்பத்தின் எடை ஏறத்தாழ முழுவதும் நடுவில் இருப்பதால், புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் விரைய, தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. பால்வீதி போன்ற விண்மீன் மண்டலத்தின் விளிம்பிலும் வேகம் இப்படிக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் வானியலாளர்கள் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் அண்டை மண்டலமான ஆண்ட்ரோமீடாவை அளந்து 1970-இல் வெளியிட்ட முடிவுகளில் அந்தச் சரிவு இல்லை. விண்மீன்கள் அருகிப்போன தொலைவிலும் ஹைட்ரஜன் வாயு ஏறக்குறைய அதே வேகத்தில் சுற்றுவதை வானொலித் தொலைநோக்கிகள் பின்னர் உறுதிசெய்தன. வெளியே செல்லச் செல்ல, ஒளிராத எடை கூடிக்கொண்டே போனால்தான் இது இயலும்.

ஒளிரும் பொருளும் கரும்பொருளும் ஏன் வெவ்வேறாகப் பரவின என்பதே எனக்குச் சுவையான பகுதி. வாயு தன்னுள் மோதிச் சூடேறி, அந்தச் சூட்டை ஒளியாக வெளிவிட்டு, ஆற்றல் இழந்து நடுவை நோக்கி இறங்கும். சுழற்சியை மட்டும் எளிதில் விடமுடியாததால், மெலிதாக வார்த்த தோசை போலத் தட்டையாகிவிடும். விண்மீன்கள் பெரும்பாலும் அந்தத் தட்டில் பிறந்தவை. கரும்பொருள் ஒளிவிடுவதில்லை, ஆகவே குளிர்ந்து இறங்க அதற்கு வழியில்லை. தட்டைச் சூழ்ந்து, ஏறத்தாழ உருண்டையாக, பன்மடங்கு தொலைவுக்குப் பரந்து நிற்கிறது. அதன் செறிவும் நடுவில்தான் அதிகம். எனினும் வெளிப்புறத்தின் பரப்பு அவ்வளவு பெரிது என்பதால் மொத்த எடை அங்கேதான் சேர்கிறது. மையத்துக்கு மிக அருகில் அது கூராக ஏறவேண்டும் என்கின்றன கணினிக் கணக்குகள். சிறு மண்டலங்கள் பலவற்றில் அளந்தால் அப்படி ஏறக் காணோம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நாம் இருப்பதோ மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில், தட்டுக்குள்ளேயே. இங்கே கரும்பொருள் மிகவும் சொற்பம்: நீங்கள் தாமிரபரணியில் முகக்கும் ஒரு லிட்டர் சொம்பில், எந்த நொடியிலும், சில நூறு ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்கு ஈடான அளவே இருக்கும்.