கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்... எடுக்கலாமா?

கேள்வி: வயது 46. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கிக் கட்டி விற்கிறேன். கொஞ்ச நாளாக மாதவிலக்கு தாறுமாறாக இருக்கிறது. இரண்டு மாதம் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது. ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து, ஜாக்கெட் நனைய வியர்க்கிறது. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது? எடுத்துப் போட்டுரு" என்கிறார் நாத்தனார். ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. நாத்தனார் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பிள்ளை பெற்று முடித்தாயிற்று என்பது கர்ப்பப்பையை எடுக்க ஒரு காரணமே இல்லை.

நம் பெண்களில் பெரும்பாலோருக்கு 45-லிருந்து 50 வயதுக்குள் மாதவிலக்கு நின்றுவிடும். அதற்குச் சில வருடங்கள் முன்பே ஹார்மோன் சுரப்பு ஏறி இறங்கத் தொடங்கும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு வளர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமாக உதிரும். இரண்டு மாதம் வராமல் இருந்து கொட்டித் தீர்ப்பது பெரும்பாலும் இதனால்தான். ராத்திரிச் சூடும் இந்த மாற்றத்தின் வேலையே. கோபத்துக்கு ஹார்மோன் பாதி, தூக்கம் கெடுவது பாதி. உங்கள் குணம் கெட்டுவிட்டதாக நினைத்து மருகாதீர்கள்.

அதற்காக, 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடவும் கூடாது. கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி, தைராய்டு கோளாறு, அபூர்வமாகப் புற்றுநோய்கூட இப்படித் தலைகாட்டும். மேலூர் அரசு மருத்துவமனையிலோ மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வந்த நாள், நின்ற நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று மாதக் காலண்டரில் குறித்து, அதைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேன், தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. 45 வயதைத் தாண்டியவர் என்பதால் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள். பயப்படாமல் சம்மதியுங்கள், புற்றுநோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

பலருக்கு மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ உதிரப்போக்கு கட்டுக்குள் வந்துவிடும். புற்றுநோயோ, மருந்துக்கு அடங்காத பெரிய கட்டியோ என்றால் ஆபரேஷன்தான் சரி, தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் "கருமுட்டை உருவாகும் சூலகத்தையும் எடுப்பீர்களா, ஏன்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சூலகம் போனால் அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஒரேயடியாகக் குறைந்து எலும்பு சீக்கிரம் பலமிழக்கும், இதயத்துக்கும் நல்லதல்ல. வேறு காரணம் இல்லாமல் உங்கள் வயதில் அதையும் சேர்த்து எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஒரு வருடம் முழுக்க நின்றபின் ஒரு சொட்டு பட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும். நாத்தனாருக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.