தரையில் உட்கார்ந்து மான் வேட்டை: எந்த வில், எவ்வளவு செலவு?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கிவிடும். அங்கே வசிக்கும் நம் வாசகர்கள் சிலர் முதல் வில் வாங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒன்று: பரண் ஏறாமல் தரையிலிருந்தே வேட்டையாட நினைக்கிறார்கள்.

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் ஆண்டுதோறும் வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறார்கள். இந்த முறை என்னையும் கூப்பிடுகிறார்கள். உயரம் என்றால் எனக்குப் பயம், அதனால் தரையில்தான் உட்காருவேன். கடையில் 1,500 டாலர் வில் ஒன்றைக் காட்டினார்கள், அதுவும் வெறும் வில்லுக்கு மட்டும் அந்த விலை. அவ்வளவு கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறிபார்க்கும் சைட், அம்புத் தாங்கி, அம்புக்கூடு எல்லாம் பொருத்தி ஒரே தொகுப்பாக வரும் காம்பவுண்ட் வில், அதாவது முனைகளில் சக்கரம் வைத்த வில், ஏறக்குறைய 400 முதல் 700 டாலருக்குக் கிடைக்கிறது. 20 யார்டில் நிற்கும் மானுக்கு அது தாராளம். விலை கூடக் கூட வில் எடை குறையும், அதிர்வு குறையும், வேகம் கொஞ்சம் ஏறும். இவையெல்லாம் பழகியவர் கையில்தான் பயன் தரும்.

விலையைவிட அளவு முக்கியம். முதலில் எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது உண்டு. அப்படியானால் இடது கை வில்லையும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது இழுப்பு நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறீர்கள் என்பது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த நீளம் வந்துவிடும். 66 அங்குலம் என்றால் 26.4. அங்கேயுள்ள கடைகளில் பழகிப் பார்க்கக் கொடுக்கும் வில் பெரும்பாலும் நம்மைவிட உயரமானவர்களுக்கு ஏற்ப வைத்திருப்பார்கள். அதையே வாங்கி வந்தால் நாண் முகத்தைத் தாண்டிப் பின்னால் போகும், கையில் அடிக்கும், குறி ஒருநாளும் ஒரே இடத்தில் விழாது. கடைக்காரர் உங்களை அளந்து, உங்களுக்கென்று மாற்றிக் கொடுத்தால்தான் பணம் கொடுங்கள்.

இனி இழுவை எடை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை. தரையில் உட்காருபவருக்கு இதுதான் உயிர்நாடி. பரண் மேல் இருப்பவர் மானின் பார்வைக்கு மேலே இருக்கிறார். நீங்களோ அதன் கண் மட்டத்தில், பதினைந்து இருபது யார்டு தூரத்தில் உட்கார்ந்து நாணை இழுக்க வேண்டும். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, தோளைக் குலுக்கி இழுத்தால் அந்த ஒரு அசைவிலேயே மான் போய்விடும். அதனால் கடையிலேயே ஒரு தாழ்ந்த ஸ்டூல் கேளுங்கள். உட்கார்ந்து, அம்பைப் பூட்டி, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, மெதுவாக நேர்பின்னால் இழுங்கள். வில் பிடித்த கை மேலே ஏறினால் எடை அதிகம், ஐந்து பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள். மறுபடியும் ஏறினால் இன்னும் குறைக்கச் சொல்லுங்கள். கடையில் இது எளிதாக இருந்தாலும், குளிரில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு தோள் இறுகிப்போகும், அதே எடை பாறையாகக் கனக்கும். பென்சில்வேனியா சட்டம் கேட்பது குறைந்தது 35 பவுண்டு. 45, 50 பவுண்டும் கூர்மையான அம்பு முனையும் இருந்தால் வெள்ளைவால் மானுக்குப் போதும். 70 பவுண்டு இழுத்தால்தான் வேட்டைக்காரர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே பாய்ந்து, தண்டு பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம்.

விலையைப் பற்றி இன்னொன்று: 30 பவுண்டும் அதற்கு மேலும் இழுவை உள்ள வில்லுக்கு, தயாரிப்பாளர் மட்டத்திலேயே 11 சதவீத மத்திய வரி உண்டு. 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டாக்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில் 1970-களில் வில்லும் சேர்ந்தது. அந்தப் பணம் மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் போகிறது.

கேள்வி: காம்பவுண்ட் வேண்டாம், சக்கரம் இல்லாத பழைய பாணி ரிகர்வ் வில்தான் அழகு என்று மனம் சொல்கிறது. அல்லது துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவை எளிதாக வாங்கிவிடலாமா?

பதில்: ரிகர்வ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இழுத்த எடை முழுவதையும் விடும்வரை கையில் தாங்க வேண்டும். காம்பவுண்டில் சக்கரம் உருண்டதும் எடை இறங்கிவிடும். 50 பவுண்டு வில்லில் 80 சதவீதம் இறங்கினால் கையில் நிற்பது 10 பவுண்டுதான். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. தரையில் இருப்பவருக்கு இதன் அருமை தெரியும். மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும் நொடியில் இழுத்துவிட்டு, அது மறுபக்கம் வரும்வரை அப்படியே காத்திருக்க முடியும். ஆகவே முதல் ஆண்டு காம்பவுண்ட், ரிகர்வைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கிராஸ்போவை பென்சில்வேனியா, ஒஹாயோ போன்ற மாநிலங்கள் வில் பருவத்திலேயே அனுமதிக்கின்றன. நாணை முன்பே இழுத்துப் பூட்டியிருப்பதால், மானின் முன்னால் பெரிய அசைவு வேண்டியதில்லை. தோள் வலி இருப்பவருக்கும், பழக நேரம் கிடைக்காதவருக்கும் நியாயமான தேர்வு. உட்கார்ந்தபடி எய்யும்போது அதன் வில் தண்டுகள் பக்கத்தில் எதிலும் தட்டாமலும், உங்கள் கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் 200 டாலருக்குப் பழைய காம்பவுண்ட் வில் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் வேண்டாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து வில் தண்டுகளின் விளிம்பு முழுக்க உரசிப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாண் பிசிறடித்திருந்தாலோ, அதன் மேல் சுற்றியிருக்கும் நூல் விலகியிருந்தாலோ முழு நாண் செட்டையும் மாற்ற வேண்டும். மாற்றக் கூலியோடு 100 டாலருக்கு மேல் போய்விடும். இழுப்பு நீளத்தை மாற்றச் சில மாடல்களுக்குத் தனி உதிரிபாகம் தேவை. பழைய மாடலுக்கு அது கிடைக்காமலே போகலாம். உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 200 டாலர் வில் 400-ஐத் தொடுகிறது, அந்த விலைக்குப் புதிதே வந்துவிடும். பழையதுதான் வேண்டுமென்றால், வில் கடையில் ஒருவரிடம் காட்டி, பார்த்த பிறகு பணம் தருகிறேன் என்று பேசுங்கள். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்பும் பிராட்ஹெட்டும் (வெட்டும் அலகு வைத்த வேட்டை முனை) எதைப் பார்த்து வாங்குவது? விரியும் அலகு நல்லதா, நிலையான அலகு நல்லதா?

பதில்: அம்பின் விறைப்பு எண் உங்கள் வில்லுக்குப் பொருந்த வேண்டும். 500 என்பது வளையும் அம்பு, 340 என்பது விறைப்பானது, எண் குறையக் குறைய விறைப்பு கூடும். அம்புப் பெட்டியிலேயே அட்டவணை இருக்கும். வேட்டைக்கு மிக லேசான அம்பு வேண்டாம். அம்பின் எடை 400 கிரெய்னை (ஏறக்குறைய 26 கிராம்) ஒட்டி இருந்தால் வில்லின் சத்தமும் அடங்கும், ஊடுருவலும் நன்றாக இருக்கும்.

மானின் மேல் பட்டதும் திறக்கும் விரியும் அலகு அகலமாக வெட்டும், ஆனால் விரிவதற்கே கொஞ்சம் விசையை எடுத்துக்கொள்ளும். 50 பவுண்டுக்குக் கீழே இழுப்பவர் நிலையான அலகையே வாங்கட்டும். பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் விழும் என்று நம்பிவிடாதீர்கள். பருவத்துக்கு முன்பே பிராட்ஹெட்டை வைத்து எய்து பாருங்கள். எய்த அலகை அப்படியே வேட்டைக்குக் கொண்டு போகாமல் புதிய அலகு மாட்டுங்கள். மழுங்கிய அலகு மானைக் கொல்லாமல் வதைக்கும்.

கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் காதருகே வைத்து மெல்ல வளைத்து, திருப்பித் திருப்பிப் பாருங்கள். நறநறவென்று சத்தம் கேட்டாலோ கீறல் தெரிந்தாலோ உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு விடும்போது சிதறி, வில் பிடித்த கையையே துளைத்துவிடும்.

கேள்வி: மறைவுக் கூடாரம், அதாவது பிளைண்ட், 100 டாலருக்கும் இருக்கிறது, 300-க்கும் இருக்கிறது. என்ன வேறுபாடு?

பதில்: துணியின் கனம், கம்பிகளின் உறுதி, ஜன்னல்களின் அமைப்பு, இவ்வளவுதான். மலிவானதில் ஜன்னல் ஜிப் சத்தம் போடும், காட்டில் அந்தச் சத்தம் ஊரைக் கூட்டும். ஓசையில்லாமல் திறக்கும் ஜன்னலுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். உயரமும் முக்கியம்: இழுக்கும்போது வில்லின் மேல்முனை கூரையில் தட்டக் கூடாது. கடையில் விரித்துப் போட்டிருந்தால் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதியவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நீங்கள் பார்ப்பது நாணில் இருக்கும் பீப் துளை வழியாக, அம்போ அதற்குச் சில அங்குலம் கீழே கிளம்புகிறது. கண்ணுக்கு ஜன்னல் வழியே மான் தெளிவாகத் தெரியும், ஆனால் அம்பு ஜன்னலின் கீழ்விளிம்புத் துணியைக் கிழித்துக்கொண்டு எங்கேயோ போகும். ஆகவே ஜன்னலைத் தேவைக்குமேல் கொஞ்சம் கீழே திறந்து வைத்து, வீட்டுக் கொல்லையிலேயே கூடாரத்தைப் போட்டு, உள்ளிருந்து எய்து பழகுங்கள்.

உள்ளே கறுப்புத் துணி, அதனால் நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள். பின்பக்க ஜன்னல்களை மூடிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். மானுக்கு இந்தப் புதுப் பொருள் பழக நாளாகும், ஓரிரு வாரம் முன்பே வைத்து, சுற்றிலும் அங்கேயே கிடக்கும் கிளைகளைச் செருகுங்கள். வான்கோழிக்கு இந்தச் சிரமம் இல்லை. அதன் கண் கூர்மைக்கு ஈடே கிடையாது, ஆனாலும் அன்று காலை போட்ட கூடாரத்தை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வசந்தகால வான்கோழி வேட்டையில் தொடங்கினால் உட்கார்ந்து இழுப்பது நன்றாகப் பழகும். துப்பாக்கிப் பருவமும் சேர்ந்து வரும் நாட்களில் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி கூடாரத்தின் வெளியே ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். உள்ளே நீங்கள் போட்டிருக்கும் ஆரஞ்சு உடை வெளியே யாருக்கும் தெரியாது.

கூடாரம் வாங்கவே முடியவில்லை என்றால், உங்கள் தோளைவிட அகலமான மரத்தடியில், நிழலில் முதுகு சாய்த்து உட்காருங்கள். அதற்குச் செலவே இல்லை.

கேள்வி: மறைப்பு உடை, வாசனை நீக்கும் ஸ்பிரே, மான் மூத்திரப் பாட்டில் என்று கடையில் ஒரு பட்டியலே தந்தார்கள்.

பதில்: முதலில் ஐந்தாறு டாலரில் காற்றுப் பார்க்கும் பொடிக் குப்பி ஒன்று வாங்குங்கள். அமுக்கினால் பொடி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். மான் வரும் திசைக்கு உங்கள் மேல் பட்ட காற்று போனால், எந்த ஸ்பிரேயும் காப்பாற்றாது, அன்று இடத்தை மாற்றுங்கள்.

மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும், நீலம் பளிச்சென்று தெரியும். ஆகவே நீல ஜீன்ஸ் வேண்டாம். அதே காரணத்துக்காக, வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் துணி துவைக்காதீர்கள். மூத்திரப் பாட்டிலை விட்டுவிடுங்கள். 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாள்பட்ட மெலிவு நோய், மானின் எச்சில், மூத்திரம் வழியாகவும் பரவக்கூடியது. அதனால் பல இடங்களில் இயற்கை மூத்திரம் பயன்படுத்தத் தடையே இருக்கிறது.

கேள்வி: தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கருவி அவசியமா? எத்தனை யார்டு வரை எய்யலாம்?

பதில்: அவசியமில்லை. உட்காரும் இடத்தைச் சுற்றி 10, 15, 20 யார்டை நடந்து அளந்து, எந்த மரம் எத்தனை யார்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு 20 யார்டுக்கு மேல் எய்யாதீர்கள். நொடிக்கு 260 அடி போகும் அம்பு 20 யார்டைக் கடக்க ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. நாணின் சத்தம் அதற்கு வெகு முன்பே மானின் காதுக்குப் போய்விடுகிறது. சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். 40 யார்டில் அதற்கு இருமடங்கு நேரம் கிடைக்கும், நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் பாயும். பக்கவாட்டிலோ, சற்றே அப்பால் திரும்பியோ நிற்கும் மானுக்கு மட்டும் எய்யுங்கள். நேருக்கு நேர் பார்க்கும் மானை விட்டுவிடுங்கள்.

எய்த பிறகு எழுந்து ஓடாதீர்கள். அம்பில் நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கைந்து மணி நேரமாவது ஆகட்டும். பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல், பன்னிரண்டு மணி நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டும். முன்பே விரட்டினால் காயத்தோடு மைல் கணக்கில் போய் எங்கோ சாகும். அது யாருக்கும் பயனில்லாத சாவு.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வில் வாங்கலாமா?

பதில்: குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டத்தில் வில் துப்பாக்கி ஆகாது, எனவே அந்தத் தடை வில்லுக்கு இல்லை. வேட்டை உரிமம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. முதல்முறை உரிமம் எடுப்பவர் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சியில் வில்லுக்கென்று தனி வகுப்பும் உண்டு. பருவம் நெருங்கினால் இடம் நிரம்பிவிடும், கோடையிலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஊருக்குத் திரும்பும்போது வில்லைக் கொண்டுபோய் அங்கே காட்டுப்பன்றி, மான் வேட்டைக்குப் போகலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறை உண்டு. காட்டுப்பன்றி பயிரை அழித்தாலும் தனிநபர் தாமாக வேட்டையாட அனுமதி இல்லை. கிளம்பும் முன் வில்லை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போங்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் வாங்க ஆள் அதிகம்.